நாலு மடிப்பு

எங்கள் ஆயாவுக்குக் கோபம் வந்தால் வாயில் வரும் முதல் வசவு, "பேதியில போறவனே". எடையில் ஏமாற்றிய மீன்காரரிலிருந்து வடகத்தைக் கொத்த வந்த காக்கை வரைக்கும் எல்லோருக்கும் அதே வசவுதான். சின்ன வயதில் எனக்கு அது வெறும் சத்தம். ஆயாவின் அண்ணன்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வாந்திபேதி கண்டு போனவர்கள் என்பது, நான் மைக்ரோபயாலஜியில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. "என்னா படிக்கிற?" என்று ஆயா கேட்டது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றி என்றேன். "காலராவா?" என்றது. அதற்குத் தெரிந்த ஒரே கிருமி அது.

வீடு கடலூர் முதுநகரில். அப்படிச் சொன்னால் கண்டக்டர் ஒரு நொடி யோசிப்பார், ஓ.டி. (ஓல்டு டவுன்) என்றால் உடனே டிக்கெட் கிழிப்பார். உப்பனாறு எங்களுக்கு நடந்து போகிற தூரம். காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வரும். ஐப்பசி, கார்த்திகையில் அது டீ நிறத்தில் இருக்கும். ஆயா தன் பழைய நூல்புடவையிலிருந்து கிழித்த துண்டை மடித்துப் பித்தளைத் தவலையின் வாயில் போட்டு, அதன் மேல் குடத்தைச் சாய்க்கும். தண்ணீர் மொண்டு முடிந்ததும் துணியை அலசி, கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் வெயிலில் விரித்துவிடும். ஏன் என்று கேட்டால், "தூசு தும்பு, பூச்சி பொட்டு வராது." அவ்வளவுதான் விளக்கம்.

துணியை எத்தனை மடிப்பு மடித்தது என்பதைத்தான் நான் கவனிக்கவில்லை. அது முக்கியம் என்று 2003 வரை எனக்குத் தெரியாது.

2003-ல் நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தினமும் கடலூரிலிருந்து பஸ். அன்று டிபார்ட்மென்டில் கூடவே வேலை பார்த்த ஒருவர், "உங்க ஊர் சமாச்சாரம் மாதிரி இருக்கு, பாருங்க" என்று ஒரு பிரின்ட் அவுட்டைக் கையில் கொடுத்தார். அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் வந்த கட்டுரை. பங்களாதேஷில் மத்லாப் என்ற பகுதியில் 65 கிராமங்கள், சுமார் 1,33,000 பேர். பழைய புடவையை மடித்துக் குடத்தின் வாயில் போட்டுத் தண்ணீரை வடிகட்டச் சொல்லியிருக்கிறார்கள். காலரா 48 சதவீதம் குறைந்திருக்கிறது.

உண்மையைச் சொன்னால் முதலில் எரிச்சல்தான் வந்தது. இதைச் சொல்ல அமெரிக்காவா வேண்டும், எங்கள் ஆயாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்குமே என்று. கன்னியக்கோயில் தாண்டும்போது மறுபடியும் எடுத்து, எழுதியவர்களின் பெயர்களைப் படித்தேன். முதல் பெயர் ரீட்டா கோல்வெல். அப்போது அவர் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இயக்குநர். ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலரை அந்த நாட்டின் ஆராய்ச்சிக்குப் பிரித்துக் கொடுக்கிற நாற்காலி அது. அங்கே உட்கார்ந்துகொண்டு இந்த அம்மா பழைய புடவையைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். பெயர் வரிசையில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஜி.பி. நாயர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலகிருஷ் நாயர் எங்கள் பரங்கிப்பேட்டை ஆள்!

பரங்கிப்பேட்டை பற்றித் தெரியாதவர்களுக்கு: கடலூருக்குத் தெற்கே, வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிற ஊர். பழைய வரைபடங்களில் போர்ட்டோ நோவோ. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. நாயர் அங்கேதான் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பரங்கிப்பேட்டை மீன்களில், காலராக் கிருமியின் சொந்தக்காரக் கிருமியான விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் எந்தப் பருவத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அவர் எழுதிய கட்டுரை 1980-ல் வந்தது. பிறகு கல்கத்தாவுக்குப் போய் காலராவில் உலகம் அறிந்த பெயரானார். 1992 அக்டோபரில் சென்னையில் ஒரு புதுவகைக் காலராக் கிருமி தலைகாட்டியது. அதுவரை கொள்ளைநோயாகப் பரவியதெல்லாம் ஓ1 என்ற வகைதான். இதற்கு ஓ139 என்று எண் கொடுத்து, 'பெங்கால்' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். முதலில் தென்பட்டது மெட்ராஸில், பெயர் போனது வங்காளத்துக்கு. அதை ஆராய்ந்த முதல் கூட்டத்தில் நாயரும் உண்டு.

சரி, கோல்வெல்லுக்கு வருகிறேன்.

1934-ல் மாசசூசெட்ஸில், கடலோர ஊரான பெவர்லியில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர் ஏழாவது. பர்டூ பல்கலைக்கழகத்தில் 1956-ல் பாக்டீரியாலஜியில் பட்டம் வாங்கினார். அதிலேயே மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டபோது துறைத்தலைவர், பெண்களுக்குக் கொடுத்து ஃபெல்லோஷிப்பை வீணாக்குவதில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அந்த வருஷம்தான் ஜாக் கோல்வெல்லைக் கல்யாணம் செய்திருந்தார். ஜாக் அங்கேயே மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்ததால் ஊரை விட்டுப் போகவும் முடியாது. கிடைத்ததை எடுத்துக்கொண்டார். மரபியல் துறையில் ஒரு இடம் இருந்தது, பழ ஈக்களை எண்ணுகிற வேலை. 1958-ல் அதில் முதுகலை முடித்தார்.

'வீண்' என்ற சொல்லில் நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. எம்.எஸ்சி. முடித்ததும் பிஎச்.டி. இடத்துக்காக ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். விப்ரியோ பற்றி இரண்டு கேள்வி. மூன்றாவது கேள்வி, "கல்யாணம் எப்பம்மா?" இன்னும் முடிவாகவில்லை என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, மெதுவாகத்தான், ஆனால் எனக்குக் கேட்கும்படி, "பாதியில போயிட்டா சீட்டு வீணாயிடும் சார்" என்றார். குரலில் கோபமெல்லாம் கிடையாது. கெட்டுப்போகிற காய்கறியைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஒரு அக்கறை. எனக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. பிஎச்.டி.யை வேலையோடு வேலையாக முப்பத்தெட்டு வயதில்தான் முடித்தேன். பர்டூவில் 1956-ல் சொன்னதும் என்னிடம் தொண்ணூறுகளில் சொன்னதும் ஒரே சொல் என்று பிற்பாடு தெரிந்தபோது ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

கோல்வெல் 1961-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கடல் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வாங்கினார். அந்த நாளில் கம்ப்யூட்டர் என்றால் அறையை அடைத்துக்கொண்டு நிற்கிற ஐபிஎம் 650. பாக்டீரியாக்களை அடையாளம் கண்டு வகை பிரிக்க அதில் அவரே ஒரு நிரல் எழுதினார். நுண்ணுயிரியல்காரர்கள் கையால் அட்டவணை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அடுத்தது கனடாவின் ஒட்டாவா. அங்கே தேசிய ஆராய்ச்சிக் குழுவில் கணவனுக்கு ஃபெல்லோஷிப் கொடுத்தால் மனைவிக்குக் கொடுக்கக்கூடாது என்று விதி. சொந்தக்காரர்களுக்குச் சலுகை போய்விடக்கூடாதாம். ஜாக்குக்குக் கிடைத்தது, இவருக்கு இல்லை. அமெரிக்காவிலிருந்து வேறு நிதியைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து, அங்கே ஆய்வக இடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வேலை செய்தார். அந்த நிதியைக் கொடுத்தது தேசிய அறிவியல் அறக்கட்டளை. பின்னாளில் அவர் தலைமை தாங்கப்போகிற அதே இடம்.

அறுபதுகளில் ஜார்ஜ்டவுன், 1972 முதல் மேரிலாந்து பல்கலைக்கழகம். பதவிகளின் பட்டியல் நீளம். அவற்றை எழுதினால் ஓய்வுபெறும் விழா அழைப்பிதழ் மாதிரி ஆகிவிடும், விடுகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது செசபீக் விரிகுடாவில் நடந்தது.

ஆறும் கடலும் கலந்து பாதி உப்பாக இருக்கிற நீர்ப்பரப்பு செசபீக். அளவில் பிரம்மாண்டம் என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், குணத்தில் நம் வெள்ளாற்று முகத்துவாரம் மாதிரி. எழுபதுகளில் அவரும் மாணவர்களும் அங்கே தண்ணீர் எடுத்துப் பார்த்ததில் காலராக் கிருமியான விப்ரியோ காலரே இருந்தது. அமெரிக்காவில், காலராவே இல்லாத கரையில், ஊரில் ஒரு நோயாளி கூட இல்லாத நேரத்தில். 1977-ல் இதை வெளியிட்டார்கள். யாரும் கைதட்டவில்லை. மனிதனின் மலத்திலிருந்து தண்ணீருக்கும் தண்ணீரிலிருந்து மனிதனுக்கும் போகிறது காலரா, இடையில் நீரில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான் என்பது அன்றைய பாடம். இவர் சொன்னது தலைகீழ். அது முகத்துவாரத்தில் குடியிருக்கிற உயிர், அதன் சொந்த வீடே உவர்நீர்தான், நம் வயிற்றுக்கு வருவது விருந்தாளியாக.

அது ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தையும் கண்டார்கள். கோப்பிபாட் என்று ஒரு பூச்சி. மிதவை உயிரிகளில் ஒன்று, இறால், நண்டுக்குத் தூரத்துச் சொந்தம். அதன் ஓடு கைட்டினால் ஆனது. கைட்டினைப் பற்றிக்கொள்ளவும் தின்னவும் விப்ரியோவுக்குத் தெரியும். ஒரே ஒரு கோப்பிபாட்டின் மேல் பத்தாயிரம் கிருமிகள் வரை ஒட்டியிருக்கலாம். தண்ணீரில் தனித்தனியாக மிதந்தால் ஒரு வாய் குடிப்பதில் சில நூறுதான் உள்ளே போகும். இந்தப் பூச்சிகள் நாலைந்து சேர்ந்து போனால் படுக்கையில் விழப் போதும்.

அடுத்தது இன்னும் பெரிய சண்டை. அதைச் சொல்ல என் எம்.எஸ்சி. கதையைச் சொல்ல வேண்டும்.

ஓ.டி.யிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் வழியாகத் தினமும் பரங்கிப்பேட்டைக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தேன். ப்ராஜெக்டுக்கு வெள்ளாற்றில் மாதம் இரண்டு முறை தண்ணீர் எடுப்பேன். படகுக்கார அண்ணன் துடுப்பை நிறுத்திவிட்டு, "மீன் புடிக்கிறதுன்னா சரி, வெறும் தண்ணிய புடிச்சி என்னம்மா பண்ணப்போற?" என்பார். விப்ரியோவை வளர்க்கிற மீடியத்துக்கு, அதாவது கிருமிக்குப் போடுகிற சாப்பாட்டுக்கு, டி.சி.பி.எஸ். என்று பெயர். பச்சை நிறம். மற்ற மீடியங்களை மாதிரி ஆட்டோகிளேவில் (கிருமி கொல்லும் பிரஷர் குக்கர்) வைத்துவிட்டு டீ குடிக்கப் போக முடியாது, வைத்தால் கெட்டுவிடும். கிண்டிக்கொண்டே கொதிக்கவைத்து ஊற்ற வேண்டும், பாயசம் மாதிரி. காலராக் கிருமி இருந்தால் மறுநாள் காலையில் மீடியம் ஊற்றிய பிளேட்டில் மஞ்சள் பொட்டுகள். பாராஹீமோலிட்டிகஸ் என்றால் பச்சைப் பொட்டு. ஒரு மார்கழி மாதம் என் பிளேட்டுகள் வெறிச்சென்று இருந்தன. மறுபடி எடுத்தேன், மறுபடியும் ஒன்றுமில்லை. கைடிடம் காட்டினேன். நல்ல மனிதர், என்மேல் அவருக்கு அக்கறை உண்டு. "வரலையா? நில்னு எழுதிடும்மா." ஆங்கில 'நில்', ஒன்றுமில்லை என்று அர்த்தம். எழுதினேன். என் ப்ராஜெக்ட் புத்தகத்தில் அந்த மாதத்துக்கு நேரே 'நில்' என்றுதான் இருக்கிறது.

இதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, 1982-ல், கோல்வெல்லும் அவருடைய ஆய்வகத்தில் இருந்த ஷூ என்ற சீன ஆராய்ச்சியாளரும் சேர்ந்து ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். குளிர், பட்டினி, உப்பளவு மாறுவது என்று நிலைமை ஒத்துவராதபோது விப்ரியோ சுருங்கிக்கொள்ளும். உயிர் இருக்கும், ஆனால் பிளேட்டில் போட்டால் வளராது. உயிரோடு இருந்தும் வளர்க்க முடியாத நிலை. கிருமிமேல் மட்டும் ஒட்டுகிற ஒளிரும் ஆன்டிபாடியைச் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பிளேட்டில் 'நில்' ஆன அதே தண்ணீரில் பச்சையாக மின்னிக்கொண்டு ஆயிரக்கணக்கில் கிடக்கும். பருவம் மாறினால் எழுந்துகொள்ளும். கொள்ளைநோய் இல்லாத மாதங்களில் காலரா எங்கே போகிறது என்ற பழைய கேள்விக்கு, எங்கேயும் போவதில்லை என்பது பதில்.

பல நுண்ணுயிரியலாளர்கள் இதை ஏற்க மறுத்தார்கள். பாஸ்டர், காக் காலத்திலிருந்து எங்கள் தொழிலின் சத்தியவாக்கே பிளேட்தான். வளர்ந்தால் இருக்கிறது, வளராவிட்டால் இல்லை. ஒரு பெண் வந்து, உங்கள் பிளேட் பொய் சொல்கிறது என்றால் யார் கேட்பார்கள்? மரபணுவை நேராக நீரிலிருந்தே படிக்கிற காலம் வந்த பிறகு இந்தச் சண்டை ஓய்ந்துவிட்டது. கடல்நீரில் இருக்கிற பாக்டீரியாக்களில் மிகச் சிறு பங்குதான் பிளேட்டில் வளரும் என்பது இன்று முதலாண்டுப் பாடம்.

என் 'நில்' பற்றி இப்போதும் யோசிப்பதுண்டு. அந்த மார்கழியில் வெள்ளாற்றில் அது இருந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க இனி வழியில்லை. என் கணக்கில் விழவில்லை என்று வேண்டுமானால் எழுதியிருக்கலாம்.

1998-ல் கிளின்டன் அரசு கோல்வெல்லை அறிவியல் அறக்கட்டளைக்குத் தலைவராக்கியது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். கட்சி மாறி புஷ் வந்த பிறகும் தொடர்ந்து 2004 வரை இருந்தார். அவர் இருந்த ஆறு வருஷத்தில் அதன் நிதி ஏறக்குறைய 350 கோடி டாலரிலிருந்து 500 கோடியைத் தாண்டியது. 2001-ல் ஆந்த்ராக்ஸ் தடவிய கடிதங்கள் வந்தபோது, அந்தக் கிருமியின் மரபணு வரிசையை வேகமாகப் படிக்க நிதி கொடுத்ததும், ஒருவரோடு ஒருவர் பேசாத அரசுத் துறைகளை ஒரே மேசைக்குக் கொண்டுவந்ததும் தனிக்கதை. துப்பறியும் கதை பிடித்தவர்கள் தேடிப் படிக்கலாம்.

எனக்கு அவர் செய்ததில் பிடித்தது, 2001-ல் தொடங்கிய 'அட்வான்ஸ்' திட்டம். அதுவரை விஞ்ஞானத்தில் பெண்களுக்கு உதவி என்றால், அந்தப் பெண்ணுக்கு ஒரு உதவித்தொகை, ஒரு பயிற்சி வகுப்பு, தன்னம்பிக்கை பற்றி ஒரு சொற்பொழிவு. அட்வான்ஸில் பெரும் பணம் நிறுவனங்களுக்குப் போனது. உன் பல்கலைக்கழகத்தில் பெண் பேராசிரியர்கள் ஏன் மேலே வருவதில்லை என்று நீயே கணக்கெடு, ஆளெடுக்கும் முறையை மாற்று, பதவி உயர்வு விதியை மாற்று, குழந்தை பெற்றவளுக்குக் காலக்கெடுவைத் தள்ளிவை, அதற்குத்தான் பணம். நுண்ணுயிரியல்காரி செய்கிற வேலைதான் இது. வளரவில்லை என்றால் முதலில் மீடியத்தைப் பார், அப்புறம் விதைத்ததைப் பார். அவர் அப்படி நினைத்துச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. உவமை என்னுடையது. கொஞ்சம் வசதியான உவமை என்றும் தெரியும்.

நம் நாட்டிலும் 2020-ல் 'கதி' என்ற பெயரில் நிறுவனங்களைச் சீர்செய்ய ஒரு திட்டம் வந்தது. வேலூரில் பல்லாண்டு வேலை பார்த்த ககன்தீப் காங் 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானார். இந்தியாவில் இருந்து வேலை செய்கிற பெண் ஒருவருக்கு அது கிடைத்தது அப்போதுதான். 2022-ல் நாட்டின் ஆய்வகங்கள் பலவற்றை நடத்துகிற சி.எஸ்.ஐ.ஆர். தலைமைக்கு நம் அம்பாசமுத்திரத்துக் கலைச்செல்வி வந்தார். அங்கும் முதல் பெண். இந்த 'முதல் பெண்' என்ற சொல் எப்போது செய்தியில் வராமல் போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேர்காணலில் "கல்யாணம் எப்பம்மா" இன்னும் இருக்கிறது. என் மாணவிகள் வந்து சொல்கிறார்கள்.

திரும்பப் புடவைக்கு. அது எப்படி அவர் கைக்கு வந்தது என்றால், கிருமி பூச்சியின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கிருமியை வடிகட்டத்தான் விலை உயர்ந்த ஃபில்டர் வேண்டும், பூச்சியை வடிகட்டத் துணி போதும். ராஜஸ்தானிலும் ஆப்பிரிக்காவிலும் நரம்புச் சிலந்தி என்ற புழு நோயை ஒழிக்க இதே உத்தி பயன்பட்டது. அந்தப் புழுவின் குட்டியும் இதே கோப்பிபாட் இனத்துப் பூச்சிக்குள்தான் இருக்கும். 2000-ல் இந்தியாவில் அந்த நோய் இல்லை என்று அறிவித்தார்களே, அதில் துணிக்கும் ஒரு பங்கு உண்டு. கோல்வெல்லும், அவரோடு நீண்ட காலம் வேலை செய்த, பங்களாதேஷில் பிறந்த அன்வர் ஹக்கும் வீட்டில் என்ன துணி இருக்கிறது என்று பார்த்தார்கள். டி-ஷர்ட், கைக்குட்டை, புடவை. பழைய நூல்புடவை ஜெயித்தது. துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து பஞ்சாகி, இழைகளுக்கு நடுவே உள்ள ஓட்டைகளை அதுவே அடைத்துக்கொள்கிறது. நாலாக மடித்தால் ஓட்டை சுமார் 20 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகக் கூறுபோட்டதில் ஒரு கூறு. பூச்சிகள் நின்றுவிடும். ஆய்வகத்தில் பூச்சியோடு ஒட்டிய கிருமிகளில் 99 சதவீதம் துணியிலேயே தங்கின.

கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லலாமே என்றால், விறகு எங்கே? வெள்ளக்காட்டில் சோறு பொங்கவே சுள்ளி கிடைக்காத ஊர்கள் அவை. கிராமங்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்றில் புடவை, ஒன்றில் நைலான் வலை, ஒன்றில் எப்போதும் போல. நைலானில் 41 சதவீதம் குறைந்தது. காசு கொடுத்துத் தயாரித்த வலையைவிடக் கிழிசல் புடவை கொஞ்சம் மேல்.

இந்த 48 சதவீதம் வாட்ஸப்பில் வரும்போது "காலராவை ஒழித்த புடவை" ஆகிவிடுகிறது. ஒழிக்கவில்லை. பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் குறைத்தது. தனியாக மிதக்கிற கிருமிக்கும் வைரஸுக்கும் துணி தடையே இல்லை. ஐந்து வருஷம் கழித்து அதே கிராமங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்ததில், 31 சதவீதப் பெண்கள்தான் இன்னும் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் வந்து நினைவுபடுத்தாமலே அத்தனை பேர் தொடர்ந்தது நல்ல சேதிதான். அவர்களைச் சுற்றியிருந்த, வடிகட்டாத வீடுகளுக்கும் கொஞ்சம் பாதுகாப்புக் கிடைத்திருந்தது. ஆனாலும் குழாயில் நல்ல தண்ணீர் கொடுப்பதற்கு இது மாற்று இல்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, காலராவும் உறுதியாகி, சுகாதார அவசரநிலை அறிவித்தார்களே, அந்த வாரம் என் வகுப்பில் ஒரு பையன், "மேம், புடவை போதுமா?" என்றான். போதாது, காய்ச்சிக் குடிக்கச் சொல் என்றேன்.

அந்த வருஷம்தான் மாணவர்களோடு ஒருமுறை செய்து பார்த்தேன். ஆளுக்கொரு பழைய புடவைத் துண்டு கொண்டுவரச் சொன்னேன். வந்ததில் முக்கால்வாசி பாலியஸ்டர். இப்போது யார் வீட்டில் நூல்புடவை கட்டுகிறார்கள்? ஒரே ஒரு மாணவி, அரியாங்குப்பத்துப் பெண், பாட்டியின் புடவைத் தலைப்பைக் கொண்டுவந்தாள். மஞ்சள் கறை, நாலைந்து இடத்தில் தையல். நோணாங்குப்பம் பக்கம் சுண்ணாம்பாற்றில் இரண்டு பக்கெட் தண்ணீர் எடுத்துவந்து, அந்தத் தலைப்பை நாலாக மடித்து, பீக்கர் வாயில் ரப்பர் பேண்ட் போட்டு ஊற்றினோம். தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கியது. துணியைத் திருப்பிப் போட்டு அலசி, அலசிய நீரை மைக்ராஸ்கோப்பில் வைத்தோம்.

உள்ளே ஒரே திருவிழா. நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கண், உடம்பை விட அகலமாக விரித்த மீசை, சிலவற்றுக்கு வால் பக்கத்தில் திராட்சைக் கொத்து மாதிரி முட்டைப்பை. நீந்தவில்லை, தத்துகின்றன. ஒரு சொடுக்கு, ஒரு நிறுத்தம், மறுபடி சொடுக்கு. தலைப்பு கொண்டுவந்த மாணவி கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "இதையெல்லாமா மேம் நாம குடிச்சோம்?" என்றாள். பீக்கருக்குள் இறங்கிய தண்ணீரையும் வைத்துப் பார்த்தோம். கலங்கல் அப்படியே இருந்தது, தத்துகிற எதுவும் இல்லை. பாலியஸ்டர் துண்டு ஒன்றையும் ஒற்றையாகப் போட்டு ஊற்றினோம். பூச்சிகள் தடையில்லாமல் கீழே போய்ச் சேர்ந்தன.

கோல்வெல் பிறகு வானத்துக்கும் போனார். கடலின் மேற்பரப்பு வெப்பம், நீர்மட்டம், மிதவைத் தாவரங்களின் பச்சையம் ஆகியவற்றைச் செயற்கைக்கோளில் பார்த்தால், காலரா எப்போது வரும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம் என்று அவர் குழு 2000-ல் காட்டியது. அதற்கு எடுத்துக்கொண்ட கடல் வங்காள விரிகுடா. தேவனாம்பட்டினத்தில் நாம் கால் நனைக்கிற அதே கடல். பிற்பாடு ஏமனில் போர்நடுவே காலரா பரவியபோது இந்த வகைக் கணிப்பைப் பயன்படுத்தினார்கள். 2010-ல் அவருக்கு ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசு. அவர் பெயரில் அண்டார்க்டிகாவில் ஒரு மலையும், கடலில் ஒரு பாக்டீரியப் பேரினமும் உண்டு. கோல்வெல்லியா என்று அந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தது அவரிடம் படித்த மாணவி, ஜோடி டெமிங். எனக்கு மலையை விட அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஆயா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன தீபாவளிக்கு ஓ.டி. வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆயா தண்ணி வடிகட்டும் துணியை எத்தனை மடிப்பு மடிக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமல், "ஒண்ணுதான். கிழிஞ்சிருந்தா ரெண்டா போடும்" என்றார்.

"நாலு இல்லையா?"

"நாலா மடிச்சா தண்ணி எறங்க எந்நேரம் ஆவும்? கொழாயில தண்ணி நின்னுடும்டி."